ஆல்பம் ஏன் மூன்று வாரமாகிறது?

கேள்வி: அக்கா, கோத்தகிரியில் அப்பா நடத்திவந்த ஸ்டூடியோவை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணம், வளைகாப்பு, சீசனில் ஹோம்ஸ்டேக்காரர்களுக்கு அறைப் படங்கள் என்று ஓடுகிறது. ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம் படம் வரை எடுக்கிறேன். எடிட்டிங் முடிய மூன்று வாரம் ஆகிவிடுகிறது. யூடியூப் பார்த்து லேயர், மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரித்துத் திருத்துவது), ஃப்ரீக்வென்சி செபரேஷன் (தோலின் நிறத்தையும் இழையையும் தனித்தனியாகத் திருத்துவது) வரை கற்றுக்கொண்டேன். பிரீசெட்டும் (ஒரே தட்டில் போடும் தயார் எடிட்) காசு கொடுத்து வாங்கினேன். ஆனாலும் மிஸ்ட்டில் எடுத்த படம் சாம்பல் அடிக்கிறது, மங்கலை நீக்கும் டீஹேஸ் ஸ்லைடரைப் போட்டால் நீலமாகிறது. தேயிலை ரேடியம் பச்சையாகத் தெரிகிறது. போன மாதம் ஆல்பம் இருட்டாக வந்துவிட்டது என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரே சத்தம். புது லேப்டாப் வாங்கட்டுமா, கோயம்புத்தூரில் மூன்று மாத கோர்ஸ் சேரட்டுமா? ஆறு படங்களின் ரா ஃபைல் (கேமரா பதிவுசெய்த மூலம்; ஒன்று மட்டும் ஜேபெக்), எக்ஸ்எம்பி (எடிட் அளவுகள் பதிவான ஃபைல்), நான் முடித்த ஜேபெக், அந்த ஆல்பத்தின் ஃபைல் எல்லாம் அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, ஆறையும் திறந்து பார்த்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்களுக்குக் கை வந்திருக்கிறது. அந்த மணப்பெண் படத்தில் முக்காட்டு ஓரத்தில் மாஸ்க் போட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், புதிதாக ஒரு டூல் கற்றுக்கொடுக்க வேண்டிய ஆள் நீங்கள் இல்லை. மூன்று வாரம் ஆவதற்குக் காரணம் கைவேகம் இல்லை. எந்தப் படத்துக்கு எவ்வளவு வேலை என்று முதலிலேயே முடிவெடுக்காமல் ஸ்லைடரில் கை வைக்கிறீர்கள். நான் கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு குறையைச் சுற்றித்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு படத்துக்கு இரண்டே நிமிடம் என்றாலும் 2,000 படத்துக்கு 66 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதே இரண்டு நிமிடம் 400 படத்துக்கு என்றால் பதின்மூன்று மணி நேரம் சொச்சம். நாற்பது பக்கக் கரிஷ்மா ஆல்பத்தில் ஷீட்டுக்கு நாலைந்து படம் வைத்தாலும் இருநூறைத் தாண்டாது. ஆக, இரண்டாயிரத்தில் ஆயிரத்து அறுநூறை எடிட் செய்யாமலே விடுவதுதான் நீங்கள் கற்க வேண்டிய முதல் வித்தை. கேட்கச் சப்பென்று இருக்கும், ஆனால் தொழில் செய்பவர்கள் எல்லாரும் இதில்தான் நேரம் மிச்சம் பிடிக்கிறார்கள்.

முதல் சுற்றில் நல்ல படத்தைத் தேடாதீர்கள். கழிக்க வேண்டியதை மட்டும் கழியுங்கள். கண் மூடியது, ஃபோகஸ் போனது, குறுக்கே சித்தப்பா தலை வந்தது. லைட்ரூம் மென்பொருளில் எக்ஸ் தட்டினால் கழித்தது, பி தட்டினால் எடுத்தது. கேப்ஸ் லாக்கைப் போட்டுவிட்டால் தட்டியதும் தானே அடுத்த படத்துக்குப் போய்விடும். இரண்டாம் சுற்றில் ஒரே தருணத்தில் எடுத்த படங்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து என் தட்டுங்கள், எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். தாலி கட்டும் நேரத்தில் பர்ஸ்ட்டில் நாற்பது எடுத்திருப்பீர்கள், ஆல்பத்தில் இரண்டுக்குத்தான் இடம். இந்த இரண்டு சுற்றும் முடியும்வரை படத்தைத் திருத்தும் டெவலப் பக்கமே போகக் கூடாது. நடுவில் ஒரு நல்ல படம் கண்ணில் படும், 'இதை மட்டும் கொஞ்சம் சரிசெய்து பார்க்கலாமே' என்று தோன்றும். அங்கேதான் ஒரு சாயங்காலம் முழுக்கப் போய்விடும்.

அடுத்து, வரிசை. நீங்கள் கல்யாணத்தை நடந்த நேர வரிசையிலேயே எடிட் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆறில் இரண்டு படங்கள் ஒரே மண்டப வாசலில், ஒரே வெளிச்சத்தில் எடுத்தவை. எக்ஸ்எம்பியைப் பார்த்தால் ஒன்றில் 5,100 கெல்வின், இன்னொன்றில் 6,300 (எண் ஏற ஏறப் படம் மஞ்சளாகும்). தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. ஒரே ஷீட்டில் வைத்தால் மாப்பிள்ளை ஒரு படத்தில் வெளுத்தும் ஒன்றில் மஞ்சள்காமாலை வந்த மாதிரியும் இருக்கிறார். வெளிச்சத்தை வைத்துப் படங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்: வாசல், மேடை, சாப்பாட்டுக்கூடம், வெளியே எடுத்தவை. ஒவ்வொரு கும்பலிலும் ஒரு படத்தைச் சரியாக முடித்து, ஒயிட் பேலன்ஸையும் (விளக்கின் நிறம் படத்தில் ஏறாமல் சரிசெய்வது) அடிப்படை டோனையும் மற்றவற்றுக்கு சிங்க் செய்யுங்கள். எக்ஸ்போஷரை மட்டும் படத்துக்குப் படம் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தால் போதும்.

இங்கே ஒயிட் பேலன்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் படங்களில் தோல் நிறம் மஞ்சள் அடிப்பதற்கான காரணம் நம் ஊருக்கே உரியது. நம் பக்கம் விசேஷங்களில் வெள்ளைத் துணி அதிகம். படுகர் வீட்டுக் கல்யாணம் என்றால் பெரியவர்கள் வரிசையாக வெள்ளையில் நிற்பார்கள். பேரகணியில் ஹெத்தையம்மன் பண்டிகை எடுத்திருந்தால் தெரியும், கண்ணுக்கு எட்டியவரை வெள்ளைதான். நீங்கள் நடுநிலை நிறத்தைக் காட்டும் டிராப்பரை எடுத்துப் பாட்டியின் வெள்ளைத் துணியில் கிளிக் செய்திருக்கிறீர்கள். புத்தகப்படி அது சரி. ஆனால் அந்தத் துணி உண்மையில் வெள்ளை இல்லை. அதில் சொட்டு நீலம் போட்டிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, சலவைத் தூளில் இருக்கும் பளிச்சென்று காட்டும் பொருள் புற ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு நீலமாக வெளிவிடும். மலைமேல் புற ஊதா கீழே இருப்பதைவிட அதிகம். இப்படி நீலம் ஏறிய துணியைக் காட்டி 'இதுதான் நடுநிலை' என்று மென்பொருளிடம் சொன்னால், அது அந்த நீலத்தைக் கழிக்க மஞ்சளை ஏற்றும். துணி நடுநிலையாகிவிடும், பாட்டியின் முகம் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு கிரே கார்டு (நடுநிலைச் சாம்பல் அட்டை) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. வெளிச்சம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் யாராவது ஒரு பையன் கையில் கொடுத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். எடிட்டிங்கில் அதில் கிளிக் செய்து அந்தக் கும்பல் முழுக்கப் பரப்புங்கள். கார்டு மறந்த அன்றைக்குத் தோலை வைத்தே பாருங்கள். வெள்ளைத் துணியில் ஒரு நூல் நீலம் மிஞ்சியிருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், அது வீட்டில் பார்க்கும்போதும் அப்படித்தான் இருக்கும். மேடையில் டெக்கரேஷன்காரர் போடும் வயலட் எல்இடிக்கு மட்டும் இது பலிக்காது. அந்த விளக்கில் மற்ற நிறங்களே கிடையாது, இல்லாததை ஸ்லைடர் எங்கிருந்து கொண்டுவரும்? அந்தப் படம் நல்ல தருணம் என்றால் கறுப்பு வெள்ளை ஆக்கிவிடுங்கள்.

இப்போது மிஸ்ட் படம். நீங்கள் அனுப்பியதில் எனக்குப் பிடித்ததும் அதுதான், நீங்கள் அதிகம் கெடுத்ததும் அதுதான். முன்னால் ஒரு சில்வர் ஓக் மரம், அதன் பின்னால் தேயிலைச் சரிவு, அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. அந்த 'ஒன்றுமே இல்லை'தான் படத்தின் அழகு. நீங்கள் டீஹேஸை 45 வரை ஏற்றி, பின்னால் மறைந்திருந்த ஒரு தகரக் கூரையைத் தோண்டி எடுத்திருக்கிறீர்கள்.

ஏன் முதலில் சாம்பல் அடித்தது என்று பாருங்கள். கேமரா மீட்டர் தன் முன்னால் இருப்பதை நடுத்தரச் சாம்பலாக ஆக்கத்தான் பார்க்கும். கறுப்புச் சுவரானாலும் வெள்ளைச் சுவரானாலும் அதற்கு ஒன்றுதான். பனி வெளுப்பு, அதையும் சாம்பலாக்கிவிட்டது. இது எடுக்கும்போதே சரிசெய்ய வேண்டியது: காம்பன்சேஷனில் முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டி எடுங்கள். எடுத்துவிட்ட படத்தில் எக்ஸ்போஷரை அதே அளவு ஏற்றுங்கள். உங்கள் ராவில் 0.80 வைத்தேன், பாதிச் சாம்பல் அங்கேயே போய்விட்டது.

அப்புறம் ஹிஸ்டோகிராம், அதாவது இடது பக்கம் இருட்டையும் வலது பக்கம் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடம். இடது ஓரம் காலியாக இருக்கிறதே என்று இருட்டைக் கட்டுப்படுத்தும் பிளாக்ஸ் ஸ்லைடரை இழுத்திருக்கிறீர்கள். இரு ஓரமும் தொட வேண்டும் என்று ஏதோ ஒரு வீடியோவில் சொல்லியிருப்பார்கள். வெயிலில் எடுத்த படத்துக்கு அது ஓரளவு பொருந்தும். பனியில் கறுப்பே கிடையாது, இடது பக்கம் காலியாக இருப்பதுதான் நியாயம். அந்தப் படத்தில் உண்மையான இருட்டு இருக்கும் ஒரே இடம் பக்கத்து மரத்தின் அடிப்பகுதி. ஆல்ட்டை அழுத்திக்கொண்டே பிளாக்ஸை இறக்குங்கள், மரத்தடியில் முதல் புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஒரு அடி இறக்கினாலும் பனி புகையாகிவிடும்.

நீலம் எங்கிருந்து வருகிறது? பனித்துளி பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். அதனால்தான் பனி வெள்ளையாகத் தெரிகிறது. தூரத்து மலை நீலமாகத் தெரிவது வேறு கதை, அது காற்றே நீலத்தை அதிகம் சிதறடிப்பதால். டீஹேஸுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, இரண்டையும் ஒரு திரையாக நினைத்துக் கிழிக்கும். கிழிக்கும்போது கான்ட்ராஸ்டோடு சாச்சுரேஷனும் (நிறத்தின் அடர்த்தி) சேர்ந்து ஏறும். நிழலில் ஒளிந்திருந்த நீலமும் நாய்ஸும் மேலே வந்துவிடும்.

நான் என்ன செய்தேன் என்றால், படம் முழுக்க டீஹேஸ் பூஜ்யம். கீழிருந்து ஒரு லீனியர் கிரேடியன்ட், மரமும் முதல் இரண்டு வரிசைத் தேயிலையும் மட்டும் அதற்குள் வரும்படி. அதில் டீஹேஸ் 12, டெக்ஸ்சர் கொஞ்சம். மேலிருந்து இன்னொரு கிரேடியன்ட், அதில் டீஹேஸ் மைனஸ் 8. ஆமாம், மைனஸ். பனியைக் கூட்டிவிட்டால் தகரக் கூரை தானே மறையும், ஹீலிங் பிரஷ்ஷுக்கு வேலையே இல்லை. 'செலக்ட் ஸ்கை'யை மட்டும் இந்த மாதிரிப் படத்தில் நம்பாதீர்கள். வானமும் சோலையும் எங்கே பிரிகிறது என்று நமக்கே தெரியாதபோது அது ஒரு இடத்தில் கோடு கிழித்துவிடும். உங்கள் ஜேபெக்கில் மரக்கிளை ஓரமாக ஒரு வெள்ளைக் கரை தெரிகிறதே, அது இதன் வேலை.

இன்னொரு பனிப் படம் ஜேபெக்கிலேயே எடுத்தது. அதில் வானத்தில் படிப்படியாக வளையம் விழுந்திருக்கிறது, கவனித்தீர்களா? ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். பனிப் படத்தின் வெளிச்சம் எல்லாம் அதில் ஒரு சின்னப் பகுதிக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கும், அதை இழுத்து விரித்தால் படி தெரியத்தான் செய்யும். 14 பிட் ராவில் 16,384 படிகள். கார்டில் இடம் போகிறது என்று பார்க்காதீர்கள், பனியில் ராவைத் தவிர வேறு எதிலும் எடுக்காதீர்கள். ஃபோட்டோஷாப்புக்கு அனுப்பும்போதும் 16 பிட்டாக அனுப்புங்கள்.

ரேடியம் பச்சைக்கு வருவோம். நீங்கள் நிறம் நிறமாகத் திருத்தும் எச்எஸ்எல்லில் பச்சையைக் குறைத்துக் குறைத்துப் பார்த்திருக்கிறீர்கள், ஒன்றும் பெரிதாக மாறவில்லை. மாறாது. கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் கொழுந்து, மென்பொருளின் கணக்கில் பெரும்பாலும் மஞ்சளில் இருக்கிறது. நீங்கள் இறக்க வேண்டியது மஞ்சளின் சாச்சுரேஷனை, 15 அல்லது 20 அளவுக்கு. லுமினன்ஸையும் (அந்த நிறத்தின் வெளிச்சம்) கொஞ்சம் இறக்கினால் கொழுந்துக்கு ஒரு கனம் வரும். கேமரா புரொஃபைல் விவிட்டில் இருக்கிறது, அதையும் மாற்றிவிடுங்கள், பாதி ரேடியம் அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் அதில் ஒரு ஆபத்து. மஞ்சளை இறக்கினால் மணப்பெண்ணின் தங்கமும் பட்டுச் சரிகையும் தாலிக் கயிறும் சேர்ந்து வெளிறும். நகையை வெளிறவைத்த ஸ்டூடியோவுக்கு அந்தக் குடும்பத்தில் இருந்து அடுத்த ஆர்டர் வராது. அதனால் ஆள் இருக்கும் படத்தில் செலக்ட் சப்ஜெக்ட் போட்டு, அதைத் தலைகீழாக்கி, பின்னணியில் மட்டும் இந்த வேலையைச் செய்யுங்கள். தேயிலைக்கு நடுவில் நிற்கவைத்து எடுத்தால் இன்னொன்றும் நடக்கும்: கீழிருந்து பச்சை வெளிச்சம் மேலே அடித்து, தாடைக்கு அடியிலும் கழுத்திலும் ஒரு பச்சை நிழல் விழும். அந்த மணப்பெண் கழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பிரஷ் எடுத்து டின்ட்டை மெஜந்தா பக்கம் ஏழெட்டுத் தள்ளிப் பூசினால் சரியாகிவிடும். இதைப் பார்க்காமல் நீங்கள் படம் முழுக்க மெஜந்தா ஏற்றியதால்தான் நெற்றி சிவந்திருக்கிறது.

பிரீசெட் வாங்கியதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், பிரித்துப் பார்த்துப் படிக்கலாம். ஆனால் அது வேறொருவர் கேமராவுக்கும், அநேகமாக வேறொரு தோல் நிறத்துக்கும் செய்தது. மாநிறத் தோல் ஆரஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. அந்த பிரீசெட்டுகளில் பல ஆரஞ்சின் சாச்சுரேஷனை இறக்கி லுமினன்ஸை ஏற்றி வைத்திருக்கும், நம் ஆட்கள் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடுவார்கள். அதுதான் ஃபேஷன் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. கறுப்பாக இருப்பவரைக் கறுப்பாகவே அழகாகக் காட்ட முடியாதவர் எடிட்டிங்கில் என்ன கற்றார்? உங்களுக்கென்று மூன்று பிரீசெட் செய்துகொள்ளுங்கள்: மூட்டமான வெளிச்சம், வெயில், மண்டபத்து உள்விளக்கு. சேமிக்கும்போது ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர் இரண்டின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் நீங்கள் சரிசெய்து வைத்ததை அது கலைத்துப்போடும்.

ஃப்ரீக்வென்சி செபரேஷன் கற்றுக்கொண்டீர்கள், சரி. அதை ஒரு கல்யாணத்தில் எத்தனை படத்துக்குப் போட வேண்டும்? பெரிய சைஸில் போகும் நாலைந்துக்கு, அதுவும் தேவைப்பட்டால். மற்ற முகங்களுக்குப் பருவை ஹீலிங்கில் எடுத்துவிட்டு டாட்ஜ், பர்ன் (இடத்துக்கு இடம் வெளிச்சத்தை ஏற்றுவது, இறக்குவது) செய்தால் போதும். ஒரு புது லேயர், சாஃப்ட் லைட் மோட், 50 சதவீதச் சாம்பல் நிரப்பு. பிரஷ்ஷில் ஃப்ளோ நாலு ஐந்து சதவீதம். வெள்ளையில் பூசினால் ஏறும், கறுப்பில் பூசினால் இறங்கும், எக்ஸ் தட்டினால் இரண்டும் இடம் மாறும். படத்தின் மூலம் தொடப்படாமல் கீழே அப்படியே இருக்கும்.

எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்பதை யூடியூபைவிட உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். ஃபோட்டோஷாப்பில் டாட்ஜுக்குக் குச்சியில் வைத்த ஒரு வட்டமும் பர்னுக்கு ஒரு கையும் படமாகப் போட்டிருப்பது டார்க் ரூமில் செய்ததைப் பார்த்துத்தான். என்லார்ஜர் அடியில் கம்பியில் ஒட்டிய அட்டையை ஆட்டி முகத்தைக் காப்பாற்றுவார்கள், கையைக் குவித்து ஆகாயத்தை இருட்டாக்குவார்கள். ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ஃபிலிமில் கறுப்பு வெள்ளை எடுத்துப் பிரிண்ட் போட்ட தலைமுறை அது. நிறம் என்ற துணை இல்லாமல் வெளிச்சத்தை மட்டும் வைத்து முகத்தை நிறுத்தத் தெரிந்தவர்கள். உங்கள் மேடைப் படம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையாக்கி அவர் முன்னால் வைத்து, 'அப்பா, இதில் எங்கே கை வைப்பீங்க?' என்று கேளுங்கள். அவர் விரல் போகும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹோம்ஸ்டே அறைப் படத்தில் சொல்ல அதிகமில்லை. ஜன்னல் வெளுத்திருக்கிறது, மூன்று எக்ஸ்போஷர் எடுத்து லைட்ரூமிலேயே எச்டிஆர் மெர்ஜில் ஒரே படமாக்குங்கள், சுவர்களை அப்ரைட் போட்டு நிமிர்த்துங்கள். ஒரு விஷயம் மட்டும்: ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு வாட்டர் டேங்க்கை எடுத்துவிட்டுப் பள்ளத்தாக்கு வைத்திருக்கிறீர்கள். உரிமையாளர் கேட்டிருப்பார். செய்யாதீர்கள். காசு கட்டி வந்து ஜன்னலைத் திறப்பவர் முதலில் பார்ப்பது அந்த டேங்க்கைத்தான், அடுத்து அவர் எழுதும் ரிவ்யூவைத்தான் உரிமையாளர் பார்ப்பார்.

மாப்பிள்ளை வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். அந்த ஆல்பத்தின் ஃபைலை என் மானிட்டரில் திறந்தபோதும் இருட்டாகத்தான் இருந்தது, அச்சடித்த லேப் மேல் பழி போட முடியாது. நீங்கள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, லேப்டாப் வெளிச்சத்தை முழுதாக வைத்து எடிட் செய்கிறீர்கள், சரியா? இருட்டறையில் பளீரென்ற திரையில் எல்லாமே வெளிச்சமாகத் தெரியும், நீங்களும் இறக்கிக்கொண்டே போவீர்கள். பிரிண்ட்டுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அச்சுக்குப் போகும் வேலையில் திரை வெளிச்சம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை இருப்பது வழக்கம். அளக்கக் கருவி இல்லையென்றால், அறை விளக்கைப் போட்டு, திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு ஏ4 தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை திரையை இறக்குங்கள். முதல் நாள் மங்கலாகத் தெரியும், கண் பழகிவிடும். விண்டோஸில் நைட் லைட் போட்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள், அது திரையையே மஞ்சளாக்குகிறது.

அனுப்பும் ஃபைல் எஸ்ஆர்ஜிபி (பொதுவான நிற அளவுகோல்) ஜேபெக்காக இருக்கட்டும், லேப் வேறு கேட்டால் ஒழிய. 12-க்கு 36 அங்குல ஷீட் 300 டிபிஐயில் 3,600-க்கு 10,800 பிக்சல். முழு ஆல்பமும் போகும் முன், நிறம் வேறுவேறாக இருக்கும் நாலு படத்தைச் சின்ன சைஸில் லேப்பில் பிரிண்ட் போட்டு வாங்குங்கள், 'கரெக்ஷன் வேண்டாம்' என்று சொல்லி. அதைத் திரைக்குப் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கீழே போய்வர ஒரு நாள் ஆகும் என்பீர்கள். சண்டைக்குப் பிறகு திரும்பப் போடும் ஆல்பத்துக்கு எத்தனை நாள் ஆகும்?

இன்னொரு பழக்கம்: முடித்த படத்தை அன்றே அனுப்பாதீர்கள். ஒரே படத்தை நெடுநேரம் பார்த்தால் கண் அந்த நிறத்துக்குப் பழகி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்கும். காலையில் எழுந்து பார்த்தால் முந்தின நாள் சாச்சுரேஷன் கன்னத்தில் அறையும்.

லேப்டாப். இப்போது வேண்டாம். உங்களுடையது 8 ஜிபி ரேம் மாடல் என்று நினைக்கிறேன், ஸ்லாட் இருந்தால் 16 ஆக்குங்கள். இம்போர்ட் செய்யும்போதே ஸ்மார்ட் பிரிவியூ (படத்தின் சின்ன நகல்) கட்டச் சொல்லுங்கள், பிரிஃபரன்ஸில் மூலத்துக்குப் பதில் அதையே பயன்படுத்தச் சொல்லி ஒரு டிக் இருக்கிறது. நீளப் பக்கம் 2,560 பிக்சல்தான், பழைய மெஷினும் மூச்சு வாங்காமல் ஓடும். கையில் இருக்கும் பணத்தில் எஸ்ஆர்ஜிபியை முழுதாகக் காட்டும் ஐபிஎஸ் மானிட்டர் ஒன்று வாங்குங்கள். விலை குறைந்த லேப்டாப் திரைகளில் பல அந்த நிறங்களை முழுதாகக் காட்டுவதே இல்லை. உங்கள் திரையில் இல்லாத சிவப்பை நீங்கள் எப்படிச் சரிசெய்வீர்கள்?

கிராக் சாஃப்ட்வேர் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாதச் சந்தா கட்டுப்படியாகவில்லை என்றால் டார்க்டேபிள், ரா தெரபி, கிம்ப் மூன்றும் இலவசம். பெயரும் பொத்தானும் மாறும், மேலே சொன்ன வரிசை மாறாது. இன்னொருவர் வீட்டுக் கல்யாணம் முழுக்க இருக்கும் மெஷினில் எங்கிருந்தோ இறக்கிய கிராக்கைப் போடுவது தேவையில்லாத வம்பு.

பேக்கப் விஷயத்தில் ஒரே ஹார்டு டிஸ்க்கை நம்பி இருக்கிறீர்கள் என்று ஃபோல்டர் பாதையைப் பார்த்தாலே தெரிகிறது. மூன்று பிரதி, அதில் இரண்டு தனித்தனி டிஸ்க்கில், ஒன்று வேறு வீட்டில். ஐப்பசி மழையில் நம் ஊரில் கரன்ட் எப்போது போகும், சாலை எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. டிஸ்க்கையும் லென்ஸையும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஆல்பம் கொடுத்து முடியும்வரை கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள்.

கோர்ஸ் பற்றி. சேரும் முன் அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். நான் எடுத்த ஒரு முழுக் கல்யாணத்தைக் கொண்டுவந்தால் அதை வைத்துச் சொல்லிக்கொடுப்பீர்களா? முடித்ததைப் பிரிண்ட் போட்டுத் திரையோடு ஒப்பிட்டுக் காட்டுவீர்களா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் போங்கள், காசு வீண் போகாது. டூல் டூலாகத்தான் சிலபஸ் என்றால் உங்களுக்கு அது வேண்டாம். அந்தப் பணத்தில் மானிட்டரும் கிரே கார்டும் வாங்கிய பிறகு மிஞ்சுவதை லேப்பில் டெஸ்ட் பிரிண்ட்டுக்கு என்று ஒதுக்கிவையுங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குத் திரும்பப் போடும் ஆல்பத்தை ஏற்கெனவே அனுப்பிவிடவில்லையே? இல்லையென்றால் வாசல் படங்கள் இரண்டையும் ஒரே ஒயிட் பேலன்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டு அனுப்புங்கள், அந்த ஷீட்டில் மாப்பிள்ளையின் அம்மாவும் இருக்கிறார்.